கமாண்டருக்கு ஒரு புது ஏரியல்

ஏரியல்னு சொன்னா இப்பல்லாம் கடைக்காரருக்கே புரியறதில்லை. ஆண்டெனான்னு சொன்னாலும் பாதிப் பேர் மொட்டை மாடியில் இருக்கற டிஷ்ஷைத்தான் நினைச்சுக்கறாங்க. "ஜீப்புக்குங்க, ரேடியோவுக்கு, மட்கார்டு மேல நட்டுக்கிட்டு நிக்குமே, இழுத்தா நீளுமே" அப்படீன்னு கையாலேயே அபிநயம் பிடிச்சுக் காட்டின பிறகு, ஒரு கடையில் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சமாச்சாரத்தை எடுத்து நீட்டினார்கள். பின்னாடி இருக்கற டேப்பை உரிச்சு கூரையில் ஒட்டிக்கிட்டா போதுமாம். வயர் எங்கேன்னு கேட்டேன். "வயரெல்லாம் கிடையாது சார், இது லுக்குக்கு" என்றார். எங்க கமாண்டருக்குக் கூரையே கிடையாது, படுதாதான். அதுக்கு எங்கே லுக்கு :-)

வண்டி 1997 மாடல் மஹிந்திரா கமாண்டர். அப்பா வாங்கினது. போடிநாயக்கனூர்ப் பக்கம் தெரியாதவங்களுக்காக ஒரு வரி: எங்க ஊர்ல வீடு தமிழ்நாட்டுல இருக்கும், ஏலத்தோட்டம் கேரளாவுல இருக்கும். காலையில ஆறு ஆறரைக்கெல்லாம் தூக்குவாளியும் பிளாஸ்டிக் தாளுமா ஆட்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் வரிசையா மலையேறும், சாயந்திரம் இறங்கும். எங்களுக்குப் பூப்பாறை தாண்டி ஒரு சின்னத் தோட்டம். முந்தல் செக்போஸ்ட்டுல ஆரம்பிச்சு போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. அதுக்கப்புறம் தோட்டத்துக்குள்ள போற கடைசித் துண்டு இருக்கே, அதை ரோடுன்னு சொன்னா ரோடு கோவிச்சுக்கும். ஃபோர் வீல் போடாம மழைக்காலத்துல ஏற முடியாது.

அந்தக் கடைசித் துண்டுலதான் ஏரியல் போச்சு. ஜூன் மாச மழையில ஒரு பலாக்கிளை பாதி முறிஞ்சு பாதைக்குக் குறுக்கே தொங்கிக்கிட்டு இருந்தது. கவட்டை மாதிரி இருந்த அதோட நுனி கம்பியைச் சரியா கவ்விப் பிடிச்சு, முதல் கணுவுலேயே ஒடிச்சுப் போட்டுடுச்சு. சத்தம்கூடப் பெருசா வரலை. செட்டுல பாட்டு நின்னு 'ஸ்ஸ்ஸ்'னு இரைச்சல் வந்ததும்தான் தெரிஞ்சது.

நான் விசாரிச்சவங்கள்ல யாருமே ரேடியோவைச் சரி பண்ணுன்னு சொல்லலை. "பென்டிரைவ் செட்டு மாட்டிருண்ணே, ரெண்டாயிரம் பாட்டு ஏத்தித் தரேன்", "புளூடூத் போட்டுக்கப்பா", "இன்னும் எவன் ரேடியோ கேக்கறான்". எல்லாம் நியாயமான யோசனைதான். பாட்டு மட்டும்தான் பிரச்னைன்னா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

பிரச்னை அப்பா.

அப்பாவுக்கு இப்ப 79. ரெண்டு வருஷமா கண் பார்வை ரொம்ப மங்கிப் போச்சு. கண்ணழுத்தம்னு டாக்டர் சொன்னார். போன பார்வை போனதுதான், மிச்சம் இருக்கறதைக் காப்பாத்திக்கத்தான் சொட்டு மருந்து. வெளிச்சம் தெரியும், எதிர்ல ஆள் நிக்கறது நிழலா தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் வாரத்துக்கு ரெண்டு நாள் தோட்டத்துக்கு வந்துருவார். முன்சீட்டுல இடதுபக்கம் அவர் இடம். பின்னாடி உக்காந்திருக்கற அக்காமாரெல்லாம் அவர்கிட்ட வழி கேட்டு விளையாடுவாங்க. "அய்யா, இப்ப எங்க போய்க்கிட்டு இருக்கோம்?" பட்டுன்னு சொல்லுவார்: "புலியூத்து வரப் போகுது." சரியா இருக்கும்.

எப்படித் தெரியுதுன்னு ரொம்ப நாள் எனக்குப் பிடிபடலை. வளைவை எண்ணுறார்னு நினைச்சேன். எண்ணவும் செய்வார். ஆனா அதைவிட முக்கியமா, அவர் ரேடியோவைக் கேட்டுக்கிட்டு வர்றார். போடியில கோடை எஃப்எம் 100.5 கணீர்னு இருக்கும். மலையேற ஆரம்பிச்சதும் ஒரு வளைவுல கரகரன்னு தேயும், அடுத்த வளைவுல பளிச்னு திரும்பி வரும். எந்த வளைவுல தேயும், எதுல திரும்பும், எந்த இடத்துல வேற ஒரு ஸ்டேஷன் வந்து இதுமேல ஏறிக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். போடிமெட்டு தாண்டி அந்தப் பக்கம் இறங்கினா கோடை மெதுவா செத்துப் போகும். அப்ப கையை நீட்டித் தேவிகுளம் ஆகாசவாணிக்குத் திருப்புவார். மலையாளம் வந்தா தோண்டிமலைப் பக்கம் வந்தாச்சுன்னு அர்த்தம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அதே ரோட்டுல அதே செட்டைக் கேட்டுக்கிட்டுப் போன மனுஷன். நாம ஜன்னல் வழியா பார்க்கிற ரோடு அவருக்குக் காது வழியா போய்க்கிட்டிருக்கு.

இதுல மந்திரம் ஒண்ணும் இல்லை. எஃப்எம் அலை ஏறக்குறைய பார்வை மாதிரி, நேர்கோட்டுல போற சாதி. நடுவுல மலை வந்தா மறைக்கும். எதிர்ல இருக்கற பாறைச் சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற அலையும் நேரா வர்ற அலையும் சில இடத்துல ஒண்ணுக்கு ஒண்ணு பலம் சேர்க்கும், சில இடத்துல ஒண்ணை ஒண்ணு தின்னுடும். 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் மூணு மீட்டருக்குப் பக்கம். அதனால செத்த இடத்துக்கும் உயிருள்ள இடத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர்கூட இருக்காது. வண்டியை நிறுத்தின இடத்துல பாட்டு வரலைன்னா ரெண்டடி முன்னால உருட்டினா வரும். மலைப்பாதையில ரேடியோ கேட்டவங்க எல்லாருக்கும் இது தெரிஞ்ச விஷயம்தான். அப்பா அதையே மைல்கல் மாதிரி வெச்சுக்கிட்டார், அவ்வளவுதான்.

ஏரியல் ஒடிஞ்ச மறுவாரம் அவர் வந்தார். பாதி மலையில வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னார். அவருக்கு அது எந்தக் காலத்துலயும் கிடையாது. அதுக்கடுத்த வாரம் கூப்பிட்டப்போ, "நீங்க போயிட்டு வாங்க. எங்க போறோம்னே தெரிய மாட்டேங்குது" அப்படீன்னுட்டார். அதுக்கப்புறம் ஒரு மாசம் மலையேறவே இல்லை. திண்ணையிலேயே உக்காந்துக்கிட்டு, சாயந்திரம் நான் வந்ததும் எத்தனை கிலோ பச்சைக்காய், ஸ்டோர்ல எவ்வளவு காய வெச்சிருக்குன்னு மட்டும் கேப்பார்.

செல்போன்ல ரேடியோ கேக்கலாமேன்னு தோணும். பாதி மலைக்கு மேல சிக்னல் கிடையாது. ஆன்லைன்ல வர்ற ரேடியோ அங்கே உதவாது. போனுக்குள்ளேயே எஃப்எம் இருக்கற மாடல்னா, பெரும்பாலானதுல இயர்போனைச் சொருகினாத்தான் வேலை செய்யும், ஏன்னா அந்த வயர்தான் அதுக்கு ஏரியல். இப்ப வர்ற பல போன்ல இயர்போன் ஓட்டையே இல்லை. 2023ல மத்திய அரசே போன் தயாரிக்கிற கம்பெனிகளுக்கு, எஃப்எம் வசதியை முடக்கி வைக்காதீங்க, பேரிடர் சமயத்துல தேவைப்படும்னு அறிவுரை அனுப்பிச்சது.

பேரிடர்ங்கறது எங்க பக்கம் வெறும் வார்த்தை இல்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பெட்டிமுடியில மலை சரிஞ்சு லயங்கள் புதைஞ்சு 70 பேர் போனாங்க. பெரும்பாலும் நம்ம ஜனங்க, தமிழ் பேசற தோட்டத் தொழிலாளிங்க. கரண்ட் இல்லை, டவர் வேலை செய்யலை, விடிஞ்ச பிறகுதான் வெளியுலகத்துக்கு விஷயமே தெரிஞ்சது. ஒரு ரேடியோ இருந்திருந்தா அவங்க பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரலை. மலையில மழை பிடிச்சுக்கிட்டா முதல்ல சாகறது செல்போன்தான்னு மட்டும் சொல்றேன். 2023 மே மாசக் கடைசியில அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ள இறங்கி வந்தப்போ, எங்க ஜீப்புல அத்தனை பேரும் ரேடியோச் செய்தி வந்தா பேச்சை நிறுத்திட்டுக் கேட்டோம். அந்த ஆனை சின்னக்கானல்காரன். எங்களுக்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி.

சரி, ரிப்பேருக்கு வருவோம்.

முதல்ல ஒரு எலக்ட்ரீஷியன் தம்பிகிட்ட வண்டியை விட்டேன். அது ஒடிஞ்ச கம்பியைக் கழட்டிட்டு, ரப்பர் உறை போட்ட ஒரு குட்டி ஆண்டெனாவை மாட்டிக் கொடுத்தது. ஒரு சாண் நீளம். போடிக்குள்ள பாட்டு வந்தது, முந்தல் தாண்டினதும் போச்சு. அதோட இன்னொரு புதுச் சங்கதி: ஆக்சிலேட்டரை மிதிச்சா செட்டுக்குள்ள 'ங்ஙொய்'னு ஒரு சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் உச்ச ஸ்தாயிக்குப் போகும். டீசல் வண்டியில ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதனால பெட்ரோல் வண்டியில வர்ற 'டிக் டிக்' தொல்லை நமக்கு இல்லை. இந்த ஊளை ஆல்டர்னேட்டர்ல இருந்து வர்றது. அது ஏன் இப்ப மட்டும் கேக்கணும்?

தம்பிகிட்ட கேட்டா, "கேபிள் வீக்குண்ணே, டிவி கேபிள் போட்டுருவோம்" என்றது. அங்கேயே வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ஏன்னு சொல்றேன். கார் ரேடியோவோட கேபிளை அறுத்துப் பாத்தா உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கம்பி நெளிஞ்சு நெளிஞ்சு போகும், சுத்தி ஒரு பிளாஸ்டிக் குழாய், குழாய்க்குள்ள பெரும்பாலும் காத்துதான். பாத்தா சீப்பான சரக்கு மாதிரி தெரியும். காரணத்தோடதான் அப்படிச் செஞ்சிருக்காங்க. மீடியம் வேவுல அலைநீளம் ஏகத்துக்குப் பெருசு. மதுரை 1269 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 236 மீட்டர். அதுக்கு நம்ம ஒரு மீட்டர் கம்பியெல்லாம் கொசுறு. அது பிடிக்கிற துளியூண்டு சிக்னலைக் கேபிளே குடிச்சிடாம இருக்கணும்னா, நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையில கெப்பாசிட்டன்ஸ் கம்மியா இருக்கணும். டிவி கேபிள் வேற வேலைக்குச் செஞ்சது. எஃப்எம்முக்கு ஒப்பேத்தும், மீடியம் வேவைக் கொன்னுடும். அப்பா ராத்திரி வண்டியில வந்தா மீடியம் வேவுக்குத்தான் திருப்புவார். இலங்கை வானொலி கேட்ட தலைமுறை. டில்லிச் செய்திகள்ல சரோஜ் நாராயணசாமி தன் பேரைச் சொல்லுற தினுசை இன்னைக்கும் அப்படியே சொல்லிக் காட்டுவார். அந்தம்மா 2022ல காலமான செய்தியையும் இதே ஜீப்புல உக்காந்துதான் கேட்டார்.

ஞாயித்துக்கிழமை நானே உக்காந்தேன். மல்ட்டிமீட்டர் ஒண்ணு இருந்தா போதும், மூணு இடத்துல தொட்டுப் பாத்தா எல்லாம் சொல்லிடும். ஏரியல் கம்பிக்கும், செட்டுல சொருகற பின்னோட நடு முனைக்கும் தொடர்பு இருக்கணும். பின்னோட வெளிப்பக்கத்துக்கும் வண்டி பாடிக்கும் தொடர்பு இருக்கணும். நடு முனைக்கும் வெளிப்பக்கத்துக்கும் தொடர்பு இருக்கவே கூடாது, இருந்தா அடியில தண்ணி இறங்கியிருக்கு. (அந்தப் பின்னுக்கு மோட்டரோலா பின்னுன்னு பேரு. 1930ல அமெரிக்காவுல கால்வின் சகோதரர்கள் காருக்கு ரேடியோ செஞ்சப்போ அதுக்கு வெச்ச பேருதான் மோட்டரோலா. கம்பெனிக்கே அந்தப் பேரு பின்னாடிதான் வந்தது. செல்போன் கம்பெனின்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம்.)

முதல் சோதனை பாஸ். மூணாவதும் பாஸ். நடுவுலதான் ஃபெயில். செட்டைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, பின்னோட வெளிப்பக்கத்தையும் பானெட் கொக்கியையும் தொட்டா மீட்டர் அசையவே இல்லை. ஏரியலோட அடிப்பாகம் மட்கார்டுல எர்த் ஆகலை. அவ்வளவு நாள் மழை, சேறு. ஓட்டையைச் சுத்தி அடிப்பக்கம் பூரா துரு. போதாக்குறைக்கு, மூணு வருஷம் முன்னாடி பெயிண்ட் அடிச்சப்போ வாஷருக்கு அடியிலயும் சேர்த்து அடிச்சு வெச்சிருந்தாங்க.

இந்த இடத்தை எல்லாரும் தாண்டிப் போயிடறோம்னு எனக்குத் தோணுது. ஏரியல்னா மேலே நீட்டிக்கிட்டு இருக்கற கம்பின்னு நினைக்கிறோம். கம்பி பாதிதான். மீதிப் பாதி அதுக்கு அடியில இருக்கற இரும்பு. மட்கார்டு, பானெட், மொத்த பாடியும் சேர்ந்துதான் அந்த மறுபாதி. கேபிளோட வெளிவலை அந்த இரும்பைத் தொடலைன்னா, அது செட்டு முனையில மட்டும் எர்த் ஆகி நிக்கும். அப்போ டேஷ்போர்டுக்குள்ள ஓடற கேபிளே ஏரியல் மாதிரி நடந்துக்கும். பக்கத்துல என்ன ஒயர் போகுதோ அதோட சத்தத்தையெல்லாம் பிடிச்சுக் கொடுக்கும். ஆல்டர்னேட்டர் ஊளை வந்தது அப்படித்தான். பழைய ஏரியலோட துருப்பிடிச்ச நட்டு எங்கேயோ ஒரு புள்ளியில இரும்பைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கணும். அதைக் கழட்டின அன்னைக்கு அந்தத் தொடுப்பும் போச்சு.

கம்பி மதுரையில கிடைச்சது. டவுன்ஹால் ரோட்டுல நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில பழைய டேப்ரிக்கார்டர் ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர்கிட்ட. "ஏரியல்" அப்படீன்னேன். ஒரு வார்த்தை மேல கேக்காம பரண்ல இருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். நாலு கணு, இழுத்தா ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல, கேபிளும் பின்னும் சேர்த்தே. 350 ரூபா. பேரம் பேச மனசு வரலை.

மாட்டறது அரை மணி நேர வேலை, சுரண்டறதுதான் ரெண்டு மணி நேரம். மட்கார்டுக்கு அடியில கையை விட்டு உப்புத்தாளால தேய் தேய்னு தேய்ச்சு, ஓட்டையைச் சுத்தி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளையா இரும்பு தெரியற வரைக்கும் கொண்டு வந்தேன். பல்லு வெச்ச வாஷர் ஒண்ணு இருக்கு, முறுக்கினா இரும்பைக் கடிச்சுக்கும், அதை அடிப்பக்கம் போட்டேன். நட்டை முறுக்கி, மீட்டர் வெச்சுப் பாத்து, பூஜ்யம் வந்த பிறகு சுத்தி கிரீஸைத் தடவினேன். மேல்பக்கம் ரப்பர் வாஷர். கேபிள் பாடிக்குள்ள நுழையற இடத்துல கொஞ்சம் தொங்கவிட்டேன், தண்ணி கேபிளைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போகாம அங்கேயே சொட்டிடும். ஃபெண்டருக்கும் பாடிக்கும் நடுவுல போல்ட்டெல்லாம் துருதான், அதனால ஒரு செப்புப் பட்டை வயரையும் குறுக்கே கொடுத்தேன்.

கடைசியா ஒண்ணு. பழைய செட்டுல ஏரியல் சொருகற ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கம்பி மாத்தினா மீடியம் வேவுல ஒரு மெல்லிசான ஸ்டேஷனை வெச்சுக்கிட்டு, சத்தம் எங்கே அதிகமா வருதோ அங்கே வர்ற மாதிரி அதைத் திருப்பி விடணும். கால் சுத்து. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

திண்ணையில இருந்து அப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். முடிஞ்சதும் வந்து கம்பியைக் கையால அடியில இருந்து நுனி வரைக்கும் தடவிப் பாத்தார். கணுவை எண்ணினார். அப்புறம் மேல் கணுவை மட்டும் உள்ளே தள்ளி விட்டார். பழைய ஏரியலையும் அவர் அப்படித்தான் வெச்சிருப்பார், முழுசா இழுக்கவே விட மாட்டார். ஒடிஞ்சுடும்னு பயப்படறார்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு டேப் வெச்சு அளந்து பாத்தேன். ஒரு கணு உள்ளே போனா 76 சென்டிமீட்டர். 100.5க்குக் கால் அலைநீளம் 75க்கு ஒரு நூல் கம்மி. எப்படித் தெரியும்னு கேட்டா, "இப்படி வெச்சாத்தான் கோடை நல்லா எடுக்கும்" என்றார். மீடியம் வேவுக்கு மட்டும் முழுசா இழுப்பாராம். சரியாத்தான் சொல்றார். மனுஷன் எட்டாங் கிளாஸ்.

செவ்வாய்க்கிழமை காலையில தூக்குவாளியோட அவரா வந்து முன்சீட்டுல ஏறினார். முந்தல்ல கோடை, அதுக்கு மேல அஞ்சாறு வளைவு வரைக்கும் ஒரு பிசிறு இல்லை. ஊளையும் இல்லை. அப்புறம் ஒரு வளைவுல தேய்ஞ்சுது, அடுத்ததுல வந்தது. பின்னாடி இருந்து ஒரு அக்கா, "அய்யா, எங்க போறோம்?" அப்படீன்னுச்சு. அப்பா கொஞ்ச நேரம் பேசலை. தலையைச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தார். "புலியூத்து தாண்டிட்டோம். நீ தூங்கிட்டியா?" என்றார். வண்டி பூரா சிரிப்பு.

மெட்டு தாண்டினதும் தேவிகுளத்துக்குத் திருப்பினார். முதல்ல இழுவை, அப்புறம் மலையாளம். பூப்பாறையில டீக்கு நிறுத்தினப்போகூட இறங்காம செட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தார். தோட்டத்துப் பள்ளத்துக்குள்ள இறங்கறப்போ எந்த ஸ்டேஷனும் இல்லை, வெறும் இரைச்சல். எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு, மறுபடி எர்த் போச்சோன்னு வண்டியை நிறுத்தப் போனேன்.

"இங்க எப்பவும் வராதுப்பா" என்றார் அப்பா. "கேட் வந்துருச்சுன்னு அர்த்தம். கம்பியை இறக்கிரு, அந்தப் பலாக்கிளையை இன்னும் வெட்டலையாம்ல."